விளக்கின் முதுகு

பத்திலிருந்து பின்னாலே எண்ணச் சொல்வேன்.
டாக்டர் ஊசியை அழுத்த
பால்போல் மருந்து கைநரம்பில் ஏறும்.
பத்து, ஒன்பது, எட்டு.
ஏழைத் தாண்டியவரைப்
பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.
கறிக்கடைக்காரர், கல்லூரி முதல்வர்,
வட்டிக்கு விடுகிறவர்,
எல்லாருக்கும் அதே ஏழுதான் வாசல்.
விழித்ததும் கேட்பார்கள்:
"இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

செங்கோட்டுவேல் அப்படிக் கேட்கவில்லை.
திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்.
ஆழ்துளைக் குழாய் சரிந்து தோள் நசுங்கி
நள்ளிரவில் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார்.
மேசையில் நாலு நிமிடம் நின்றுபோனார்.
இரண்டு பதினாறு என்று எழுதினேன்,
பிறகு இரண்டு இருபது.
நடுவில் என்னவாக இருந்தார் என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் இட்லியைப் பிட்டபடி சொன்னார்:
"அம்மிணி, நான் மேலெ இருந்தனுங்.
உங்க பெரிய வெளக்கோட முதுகு தெரிஞ்சுது.
அதுல ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்குது.
பேனாவுல என்னமோ எழுதியிருக்குது.
படிக்கறதுக்குள்ள புடிச்சு இழுத்துப்போட்டீங்க."
பிறகு சிரித்தார்:
"மேலெ இருந்த ஆளுக்கும் சேத்திப்
பில்லுப் போட்டுட்டீங்களா?"

ரத்தம் குறைந்தால் மூளை
என்னென்னவோ காட்டும். பாடத்தில் இருக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்.
"ஒரு காட்டுல எண்ணூறு அடி போட்டும்
வெறும் புழுதி.
வரப்புக்கு அக்கட்ட நூத்தியிருவதுல
பீச்சியடிக்கும்.
தண்ணி அந்த நெலத்துது இல்லீங்.
அதுவழியாப் போவுது, அவ்வளவுதான்."
சித்தெ நேரம் சும்மா இருந்தார்.
"புழுதி வந்த காட்டுக்காரங்கிட்ட இதச் சொன்னா
அடிக்க வருவான்."

அன்றிரவு கடைசிக் கேஸ் முடிந்து
பழனாத்தாள் தரை துடைத்துப் போனபின்
இரும்பு முக்காலியில் ஏறினேன்.

பிளாஸ்திரி இருந்தது.
எழுத்து இல்லை.

எழுதியிருந்து ஸ்பிரிட் பட்டு அழிந்திருக்கலாம்.
மயங்குமுன், விளக்கைத் திருப்பும்போது
ஓரம் அவர் கண்ணில் பட்டிருக்கலாம்.
எல்லா அறையிலும் எதையாவது
பிளாஸ்திரி போட்டுத்தானே ஒட்டியிருப்பார்கள் என
ஊகித்திருக்கலாம்.
இத்தனை 'லாம்' இருந்தும்
ஒன்றுகூட அந்தப் பாத்திரத்துக்குச் சரியாக மூடவில்லை.

இறங்கவில்லை உடனே.
மேசை அங்கிருந்து இவ்வளவு சின்னது.
நான் தினமும் நிற்கும் இடத்தில்
டைல்ஸ் மங்கித் தேய்ந்திருந்தது,
இரண்டு பாதம் அளவுக்கு.
அங்கே நிற்கிறவள் யாரோ என்றிருந்தது.

சூலூர் பஸ்ஸில்
சிங்காநல்லூர் வருமுன் தூங்கிவிடுவேன்.
நெற்றி கம்பியில் இடிக்கும், தெரியாது.
இருகூர் பிரிவில் கண் தானாகத் திறக்கும்,
கண்டக்டர் கத்துவதற்கு முன்பே.
நான் தூங்கியபோது
ஸ்டாப்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எவள்?
அவளுக்கு இதுவரை டிக்கெட் எடுத்ததில்லை.

மறுநாள் பழைய பிளாஸ்திரியை உரித்தேன்.
புதிதாக ஒன்றை ஒட்டி
ஒரு சொல் எழுதினேன்.
மேலே போகிறவர் எவரானாலும்
படித்துவந்து சொல்லட்டும்.
வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.
இங்கும் எழுதப்போவதில்லை.

முக்காலியை ஓரமாக நகர்த்தும்போதுதான் உறைத்தது,
அதை ஒருவர் படிக்க வேண்டுமென்றால்
என் மேசையில்
ஒரு நெஞ்சு நின்றாக வேண்டும்.

இப்போதெல்லாம்
வெட்டும் இடத்துக்கு நேராக விளக்கை இழுக்கையில்
யாரும் படித்துவிடக் கூடாது என்று
வேண்டிக்கொள்கிறேன்,
யாரிடம் என்று தெரியாமல்.
பிய்த்துப்போடலாம்தான்.
இன்னும் போடவில்லை.

"எண்ணுங்க" என்கிறேன்.
பத்து, ஒன்பது, எட்டு.